ஹோலிரூட் நாடாளுமன்றம்: 4 கோடி என்றார்கள், 41 கோடி ஆனது

எடின்பரோவின் ராயல் மைல் தெரு சரிந்து முடியும் இடத்தில், ஹோலிரூட் அரண்மனைக்கு எதிரே இருக்கிறது ஸ்காட்லாந்து நாடாளுமன்றம். உள்ளே போய்ப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஆனால் 1997 ஜூலையில் வெளியான வெள்ளை அறிக்கை, இதற்கு 1 கோடி முதல் 4 கோடி பவுண்ட் வரை ஆகும் என்றது. இறுதிக் கணக்கு 41.44 கோடி பவுண்ட். இந்த இரண்டு எண்களைத் தாண்டி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதனால்தான் இந்த மதிப்புரை கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மக்களுக்கான சேவையாக ஹோலிரூட் நன்றாக இருக்கிறது. சில விஷயங்களில் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நாடாளுமன்றமான வெஸ்ட்மின்ஸ்டரை விடத் தெளிவாகவே மேல். ஆனால் அதை வாங்கிய விதம் தவறு. கட்டடத்தின் விலையைப் பற்றிப் பத்தாண்டு சண்டை போட்டவர்கள், அதிகாரங்களை லண்டனிடமிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ள ஆன நிர்வாகச் செலவில் அதில் பாதி அக்கறைகூடக் காட்டவில்லை. கட்டடச் செலவு ஒருமுறையோடு முடிந்துவிடும். மாற்றித் தரும் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் பின்னால் ஓர் அலுவலகம், ஒரு கணினி அமைப்பு, லண்டனோடு ஓர் ஒப்பந்தம் என்று மூன்று செலவுகள் நின்றுகொண்டே இருக்கும்.

கட்டடம்: எங்கே கை நழுவியது

1997 செப்டம்பர் 11 அன்று நடந்த வாக்கெடுப்பில் 74.3 சதவீதம் பேர் நாடாளுமன்றம் வேண்டும் என்றார்கள். 1979-லும் பெரும்பான்மை கிடைத்திருந்தது, 51.6 சதவீதம். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனையால் அது செல்லாமல் போனது. இரண்டாவது வாய்ப்பு கைவிட்டுப் போகக்கூடாது என்ற அவசரம் 1997-க்குப் பிறகு எல்லா முடிவுகளிலும் தெரிகிறது. அந்த அவசரத்துக்குக் கொடுத்த விலைதான் கட்டடத்தின் கதை.

முதல் சிக்கல் எண்ணிலேயே இருந்தது. வெள்ளை அறிக்கை சொன்ன தொகை எந்த மனை, எந்த வடிவமைப்பு என்று எதுவும் முடிவாவதற்கு முன்பு போட்ட கணக்கு. பிறகு வந்த 5 கோடி, 5.5 கோடி என்ற எண்களும் கட்டுமானச் செலவை மட்டுமே குறித்தன. வாட் வரி, வடிவமைப்பாளர் கட்டணம், அறைகலன்கள் எல்லாம் தனி. பொதுமக்கள் காதில் விழுந்ததோ வெறும் "5 கோடி". யாராவது ஒரு பொதுக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, இதில் எதெல்லாம் சேரவில்லை என்பதைத்தான்.

இரண்டாவது சிக்கல் ஒப்பந்தத்தின் வகை. இதுதான் ஆகப் பெரிய தவறு. ஹோலிரூட்டுக்குத் தேர்ந்தெடுத்தது கட்டுமான மேலாண்மை என்ற முறை. வழக்கமான ஒப்பந்தத்தில் ஒரே காண்ட்ராக்டர் ஒரு விலை சொல்லி முழுப் பொறுப்பை ஏற்பார். இங்கே அப்படி இல்லை. கட்டுமான மேலாளர் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலையை ஒருங்கிணைப்பார், அவ்வளவுதான். கான்கிரீட், கல், கண்ணாடி, மரவேலை என்று ஒவ்வொன்றுக்கும் அரசே நேரடியாகத் தனித்தனி ஒப்பந்தம் போடும். வரைபடம் முழுதாக முடிவதற்கு முன்பே அடித்தளம் தோண்டலாம் என்பது இதன் கவர்ச்சி. கடைசி டெண்டர் திறக்கும் வரை மொத்த விலை யாருக்கும் தெரியாது என்பது இதன் ஆபத்து. ஒரு வேலைக்கான வரைபடம் தாமதமானால், அதற்குப் பின்னால் காத்திருக்கும் அத்தனை ஒப்பந்தக்காரர்களும் நஷ்டஈடு கேட்பார்கள். அந்தப் பணமும் அரசின் பையிலிருந்துதான் போக வேண்டும். இடர் முழுவதும் வாங்குபவர் தலையில்.

இந்த முறை சில கட்டடங்களுக்குப் பொருந்தும். ஆனால் அதற்கு அனுபவமுள்ள வாங்குநர் தேவை. வடிவமைப்பும் அடிக்கடி மாறக்கூடாது. ஹோலிரூட்டில் இரண்டும் இல்லை. பார்சிலோனாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் என்ரிக் மிராயேஸ் 1998 ஜூலையில் தேர்வானார். வேலை 1999 ஜூனில் தொடங்கியது. அதே மாதம் 1-ஆம் தேதி திட்டத்தின் பொறுப்பு ஸ்காட்லாந்து அமைச்சகத்திலிருந்து, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத நாடாளுமன்றத்தின் நிர்வாகக் குழுவிடம் போனது. அதாவது கையெழுத்தாகிவிட்ட ஒப்பந்த முறையையும், முடியாத வரைபடத்தையும், ஏறிக்கொண்டிருந்த செலவையும் புதிய உறுப்பினர்கள் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். உறுப்பினர்கள் உள்ளே வந்ததும் அதிக இடம் கேட்டார்கள். வாதமண்டபத்தின் இருக்கை அமைப்பை மாற்றச் சொன்னார்கள். பரப்பளவு கூடியது. 2000 ஜூலையில் மிராயேஸ் 45 வயதில் இறந்தார். திட்டத்தின் அரசியல் தலைவரான முதலமைச்சர் டொனால்ட் டியூவர் அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார்.

எண்கள் ஏறிய வரிசை இப்படி: 1999 ஜூனில் எல்லாம் சேர்த்து 10.9 கோடி பவுண்ட். 2000 ஏப்ரலில் 19.5 கோடிக்கு மேல் போகக்கூடாது என்று நாடாளுமன்றமே ஓர் உச்சவரம்பு வைத்தது. அடுத்த ஆண்டே அதை விலக்கிக்கொண்டது. 2004 பிப்ரவரியில் 43 கோடி வரை போகலாம் என்றார்கள். முடிவில் 41.44 கோடியில் நின்றது. மூன்று ஆண்டு தாமதத்துக்குப் பிறகு 2004 செப்டம்பரில் புதிய மண்டபத்தில் முதல் விவாதம் நடந்தது. அக்டோபர் 9 அன்று எலிசபெத் அரசி திறந்து வைத்தார்.

பீட்டர் ஃப்ரேசர் பிரபு தலைமையிலான விசாரணை அறிக்கை 2004 செப்டம்பரில் வந்தது. அதில் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. செலவு மதிப்பீட்டாளர்கள் இடருக்கென்று ஏறத்தாழ 2.7 கோடி பவுண்ட் கணக்கிட்டிருந்தார்கள். அந்தத் தொகை அமைச்சர் வரை போய்ச் சேரவில்லை. இதைப் படிக்கும்போது கோபம் வருகிறது. கணக்கு தெரியாதவர்கள் செய்த தவறு என்றால் மன்னிக்கலாம். கணக்கு போட்டவர்கள் இருந்தார்கள். போட்ட கணக்கு மேலே போகவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க கார்டிஃப் நகரில் உள்ள வேல்ஸ் நாடாளுமன்றமான செனெட் இருக்கிறது. அங்கும் முதல் மதிப்பீடு பொய்த்தது. 1.2 கோடி பவுண்ட் என்று ஆரம்பித்தார்கள். ஆனால் செலவு ஏறத் தொடங்கியதும் 2001 ஜூலையில் வேலையை நிறுத்தி, கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ராஜர்ஸின் ஒப்பந்தத்தை முடித்தார்கள். பிறகு வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு, விலை நிலையானது என்ற முறையில் மறுபடி டெண்டர் விட்டார்கள். டெய்லர் வுட்ரோ நிறுவனம் எடுத்தது. ராஜர்ஸ் அவர்களுக்குக் கீழ் திரும்ப வந்தார். 2006 மார்ச் 1 அன்று திறந்தபோது மொத்தம் 6.96 கோடி பவுண்ட். முதல் எண்ணைவிட ஐந்து மடங்குக்கு மேல்தான். ஆனாலும் இரண்டாவது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு செலவு ஹோலிரூட் போலக் கட்டறுத்து ஓடவில்லை. நடுவில் நிறுத்தத் துணிந்ததுதான் வித்தியாசம்.

உள்ளே

கட்டடம் அழகா என்று கேட்டால், ஆம் என்பதே என் பதில். 2005-இல் கட்டடக் கலைக்கான ஸ்டெர்லிங் பரிசு கிடைத்தது வெறும் மரியாதைக்காக இல்லை. வாதமண்டபத்தின் கூரையை நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் ஓக் மரச் சட்டங்கள் தாங்குகின்றன. அவற்றை இணைக்கும் எஃகு மூட்டுகள் 112. ஒன்று போல ஒன்று இல்லை. செலவு எங்கே போனது என்பதைத் தலையைத் தூக்கிப் பார்த்தாலே புரியும். ஒரே அச்சில் நூறு மூட்டு வார்ப்பதற்கும் நூறு அச்சு செய்வதற்கும் உள்ள தூரம் அது. 2006 மார்ச்சில் அந்தக் கூரையின் சட்டம் ஒன்று ஒரு முனையில் கழன்று தொங்கியது. மண்டபத்தை மூடி, கூட்டங்களை வேறு கட்டடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது.

உறுப்பினர்கள் ஓட்டுப் போடும் முறை இங்கே சிறப்பு. வெஸ்ட்மின்ஸ்டரில் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் எழுந்து வரிசையாக நடக்க வேண்டும். இங்கே நாள் முழுவதன் வாக்குகளும் வழக்கமாக மாலை 5 மணிக்கு, இருந்த இடத்திலேயே மின்னணு முறையில் முடிந்துவிடும். பிள்ளைகள் உள்ள உறுப்பினர் வீடு போய்ச் சேரும் நேரத்தை யோசித்து வைத்த ஏற்பாடு இது.

பயன்படுத்த நினைப்பவர்களுக்கு

ஸ்காட்லாந்தில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் எட்டு உறுப்பினர்கள் உண்டு: தொகுதி உறுப்பினர் ஒருவர், கட்சிகளின் பட்டியலிலிருந்து தேர்வாகும் வட்டார உறுப்பினர்கள் ஏழு பேர். மொத்தம் 129 இடங்கள். 73 தொகுதிக்கு, 56 பட்டியலுக்கு. ஒருவரிடமிருந்து பதில் வரவில்லை என்றால் இன்னும் ஏழு கதவுகள் இருக்கின்றன. பலர் தொகுதி உறுப்பினரோடு நின்றுவிடுகிறார்கள். அது வீண்.

இங்கே கிடைப்பதில் ஆகச் சிறந்த சேவை மனுக் குழு. கையெழுத்து எண்ணிக்கை வரம்பு இல்லை. தனி ஒருவர் போட்ட மனுவும் ஏற்கப்பட்டால் குழுவின் முன் வரும். ஆனால் தள்ளுபடி ஆவதற்கான காரணங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான். விஷயம் லண்டனின் கையில் இருக்கும் பட்டியலைச் சேர்ந்ததாக இருக்கும்: குடியேற்றம், பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம் போன்றவை. அல்லது தனி ஒருவரின் வழக்காக இருக்கும். அல்லது அதே கோரிக்கையின் மேல் கடந்த ஓராண்டுக்குள் வேறு மனு முடித்துவைக்கப்பட்டிருக்கும். எனவே எழுதுவதற்கு முன் பழைய மனுக்களைத் தேடுங்கள். அரசுக்கோ உறுப்பினருக்கோ ஏற்கெனவே எழுதிய கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். முயற்சி செய்தீர்களா என்று கேட்பார்கள். "எங்கள் ஊர் மருத்துவமனை" என்று எழுதாமல், ஸ்காட்லாந்து முழுவதற்கும் எந்த விதி மாற வேண்டும் என்று எழுதுங்கள். ஏற்கப்பட்ட மனுவைக் குழு அரசின் பதிலுக்கு அனுப்பலாம், சாட்சி கேட்கலாம், வேறு குழுவுக்கு மாற்றலாம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதை எதிர்பார்த்துத் தொடங்குவது நல்லது.

முதலமைச்சரிடம் கேள்வி நேரம் வியாழன் நண்பகல். பார்வையாளர் இருக்கைக்கு இலவசச் சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். நாடாளுமன்றம் வேலை செய்வதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு என் பரிந்துரை வேறு: காலையில் நடக்கும் குழுக் கூட்டங்கள். இங்கே மேலவை கிடையாது. மசோதாவைத் திருத்தும் உண்மையான வேலை குழுக்களில்தான் நடக்கிறது.

அதிகாரத்தின் சுமைகூலி

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். 1997 வாக்கெடுப்பில் இரண்டாவது கேள்வி ஒன்று இருந்தது: வருமான வரியின் அடிப்படை விகிதத்தைப் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரை கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் வேண்டுமா? 63.5 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். அந்த அதிகாரம் ஒருமுறைகூடப் பயன்படவில்லை. வரி வசூலிப்பது பிரிட்டிஷ் வருவாய்த்துறை. யார் ஸ்காட்லாந்து வரிதாரர் என்ற விவரத்தைத் தயாராக வைத்திருக்க அது ஆண்டுக்கு 50,000 பவுண்ட் கேட்டது. 2007-க்குப் பிறகு அந்தப் பணம் கட்டப்படவில்லை. வருவாய்த்துறை தன் கணினி அமைப்பை மாற்றியபோது, புதியதில் இந்த வசதியைச் சேர்க்க 70 லட்சம் பவுண்ட் கேட்டது. அதுவும் கொடுக்கப்படவில்லை. சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது, இயந்திரத்தில் இல்லை என்ற செய்தி 2010 நவம்பரில்தான் வெளியே வந்தது. வாக்கெடுப்பில் மக்கள் நேரடியாகக் கேட்டு வாங்கிய ஓர் அதிகாரம், பராமரிப்புக் கட்டணம் கட்டாததால் செயலிழந்து போயிருக்கிறது. ஹோலிரூட்டின் வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது, கூரைச் சட்டம் கழன்றதைவிட, இதுதான்.

2017 ஏப்ரல் முதல், சேமிப்பு வட்டியும் பங்கு ஈவும் நீங்கலான வருமானத்தின் மீதான வரி விகிதங்களும் படிநிலைகளும் எடின்பரோவின் கையில். ஸ்காட்லாந்து வரிதாரரின் வரிக் குறியீடு 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்கும். எங்கே வேலை செய்கிறீர்கள் என்பது கணக்கில்லை. பிரதான வீடு எங்கே என்பதுதான் கணக்கு. வீடு மாறுபவர்கள் வருவாய்த்துறையிடம் முகவரியை மாற்றிவிட்டு, அடுத்த சம்பளச் சீட்டில் அந்த எழுத்தைச் சரிபார்க்க வேண்டும்.

இந்த அதிகாரத்தோடு வந்த சிக்கல், கணிப்பு. வரவிருக்கும் ஆண்டின் வரி வசூலை முன்கூட்டியே கணித்து, அதன்படி பட்ஜெட் போடுகிறார்கள். உண்மை வசூல் தெரிந்து கணக்குத் தீர்வது மூன்று ஆண்டு கழித்து. 2017-18-க்கான கணிப்பு பிசகியதால் 2020-21 பட்ஜெட்டில் 20.4 கோடி பவுண்ட் குறைந்தது. அடுத்த ஆண்டுக்கானது 30.9 கோடி. கட்டடத்தின் மொத்த விலையைவிட அதிகமான தொகை, இரண்டே கணக்குத் தீர்வுகளில். இதில் யாரும் திருடவில்லை, வீணாக்கவில்லை. கணிப்பு முறையின் இயல்பு அது. ஆனால் அந்த ஆண்டில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒதுக்க வேண்டியவர்களுக்கு அது உண்மையான பற்றாக்குறை.

சமூகப் பாதுகாப்பு இன்னும் பெரியது. 2016-இன் ஸ்காட்லாந்து சட்டம் 11 உதவித்தொகைகளை எடின்பரோவுக்கு மாற்றித் தந்தது. புதிய அதிகாரங்களை நடைமுறைப்படுத்த லண்டன் ஒருமுறைத் தொகையாக 20 கோடி பவுண்டும், நிர்வாகத்துக்கு ஆண்டுக்கு 6.6 கோடியும் தருவதாக ஒப்பந்தமானது. டண்டீ நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 2018-இல் சோஷியல் செக்யூரிட்டி ஸ்காட்லாந்து என்ற முகமை தொடங்கியது. அமைப்பை உருவாக்க முதலில் போட்ட மதிப்பீடு 30.8 கோடி, 2020-இல் அது 65.1 கோடி ஆகிவிட்டது. ஹோலிரூட் கட்டடத்தைவிட ஒன்றரை மடங்கு. இதற்கென்று விசாரணைக் குழுவும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை.

ஏன் இவ்வளவு? லண்டன் துறையின் கணினியில் இருந்த லட்சக்கணக்கான கோப்புகளை, ஒருவருக்கும் ஒரு வாரத் தொகைகூடத் தவறாமல் மாற்ற வேண்டும். மாற்றி முடியும் வரை பழைய துறையே ஸ்காட்லாந்தின் சார்பில் பணம் கொடுக்கும், அதற்கும் கட்டணம். மாற்றிய பிறகும் உறவு அறுவதில்லை. உதாரணமாக, குழந்தைகளுக்கான ஸ்காட்லாந்து உதவித்தொகை பெற, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு லண்டன் தரும் யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவியில் இருக்க வேண்டும். அந்தத் தகவலை ஒவ்வொரு முறையும் லண்டனிடமிருந்துதான் பெற முடியும்.

ஆனால் அந்தப் பணம் வீண் என்று சொல்ல முடியாது. அந்த உதவித்தொகை 2021 பிப்ரவரியில் வாரம் 10 பவுண்டாகத் தொடங்கி, 2022 நவம்பருக்குள் 25 பவுண்ட் ஆகி, 16 வயதுக்கு உட்பட்ட, தகுதியுள்ள எல்லோருக்கும் விரிந்தது. இங்கிலாந்தில் இப்படி ஒன்று இல்லை. சொந்த முகமை இல்லாமல் இதைச் செய்திருக்க முடியாது.

எல்லைக் கோட்டில்

ஹோலிரூட்டில் மசோதா நிறைவேறினாலும் உடனே சட்டமாகாது. நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அரசின் சட்ட அதிகாரிகள் அதைப் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். குழந்தைகள் உரிமை மசோதா 2021 மார்ச்சில் ஒருமனதாக நிறைவேறியது. அக்டோபரில் சில பிரிவுகள் அதிகார வரம்பை மீறுகின்றன என்று தீர்ப்பு வந்தது. திருத்தி மறுபடி நிறைவேற்ற 2023 டிசம்பர் ஆனது. வரைவில் கவனம் கூடியிருந்தால் இரண்டு ஆண்டுக்கு மேல் மிச்சமாகியிருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் எல்லைக் கோடு எங்கே என்பதே நீதிமன்றம் சொல்லும் வரை இரு தரப்புக்கும் தெளிவில்லை.

பாட்டில் வைப்புத்தொகைத் திட்டம் இன்னொரு விதம். ஒரு பாட்டிலுக்கோ டப்பாவுக்கோ 20 பென்ஸ். திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். விதிகள் 2020-இலேயே வந்தன. தொடங்கும் தேதி தள்ளிக்கொண்டே போனது. பிரெக்சிட்டுக்குப் பின் வந்த உள்நாட்டுச் சந்தைச் சட்டம், பிரிட்டனின் ஒரு பகுதியில் விற்கலாம் என்ற பொருளை மற்றப் பகுதிகள் தடுக்கக் கூடாது என்கிறது. அதன்படி இத்திட்டத்துக்கு லண்டனிடம் விலக்கு பெற வேண்டியிருந்தது. 2023-இல் கண்ணாடியைத் தவிர்த்தால் விலக்கு என்றது லண்டன். திட்டம் நின்றது, அதை நடத்த உருவான சர்க்குலாரிட்டி ஸ்காட்லாந்து நிறுவனம் அந்த ஜூனிலேயே திவால் நிர்வாகத்துக்குப் போனது. விலக்கு கையில் வருவதற்கு முன்பே தொழில்துறையை இயந்திரங்களில் முதலீடு செய்யச் சொன்னது எடின்பரோவின் தவறு. கடைசி நேரத்தில் நிபந்தனை வைத்தது லண்டனின் தவறு.

நாடாளுமன்றத்தை நடத்தவே இப்போது ஆண்டுக்கு 10 கோடி பவுண்டுக்கு மேல் ஆகிறது. உறுப்பினர் எண்ணிக்கை 129-லேயே நிற்கிறது. வெஸ்ட்மின்ஸ்டரில் ஸ்காட்லாந்தின் இடங்களை 72-இலிருந்து 59 ஆகக் குறைத்தபோது இங்கும் குறைந்திருக்க வேண்டும். 2004-இல் தனிச் சட்டம் போட்டு அந்தப் பிணைப்பை நீக்கினார்கள். வேல்ஸ் எதிர்த்திசையில் போயிருக்கிறது: 60 உறுப்பினர்களுக்கு என்று தொடங்கிய மன்றத்துக்கு, 2024 சட்டத்தின்படி 2026 மே தேர்தலில் இருந்து 96 பேர், 16 தொகுதிகளுக்கு ஆறு ஆறு பேராக. அதிக வேலைக்கு அதிக உறுப்பினர் தேவை என்ற வாதம் நியாயமானது. 96 நாற்காலிகள், அவர்களின் அலுவலகங்கள், உதவியாளர்கள் ஆகியவற்றுக்கான கணக்கில் எதெல்லாம் சேரவில்லை என்ற கேள்வியைக் கார்டிஃபிலும் கேட்க வேண்டியிருக்கிறது.